நீரூற்றுக்கு நீர் இறைத்தவர் யார்?

நீரூற்றுகளுக்குப் பெயர்போன ஓர் அரண்மனையைக் காண ராயபுரத்திலிருந்து சுமார் 2000 கிலோமீட்டர் பயணம் செய்தேன். நான் போய்ச் சேர்ந்த நாளில் அங்கே ஓர் ஊற்றிலும் ஒரு சொட்டு நீர் மேலெழவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். ஆனால், வாசக நண்பரே, ஓடும் கடிகாரத்தில் நாம் மணியைத்தான் பார்க்கிறோம். நின்றுபோன கடிகாரத்தைத் திறந்தால்தான் பற்சக்கரங்களைப் பார்க்கிறோம். ஓடாத நீரூற்றும் அப்படித்தான். அன்று நான் அங்கே கண்டவற்றையும், அவை என்னைக் கொண்டு நிறுத்திய கேள்வியையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பள்ளத்தில் ஒரு குழாய்

அரண்மனைக்குள் நுழையுமுன் எங்கள் தெருவுக்கு ஒரு நிமிடம் வாருங்கள். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். என் சிறுவயதில் எங்கள் வீட்டுக் குடிநீர்க் குழாய் தரைக்கு மேலே இல்லை. வாசலில் மூன்றடி ஆழத்திற்கு ஒரு பள்ளம் தோண்டி, அதற்குள் குழாயின் வாயை வைத்திருந்தார்கள். அம்மா குடத்துடன் அந்தப் பள்ளத்திற்குள் இறங்கித்தான் நீர் பிடிப்பார். தெருவில் பல வீடுகளில் இதே ஏற்பாடு. சில வீடுகளில் குழாயோடு அடிபம்பு இணைத்திருந்தார்கள்.

பள்ளம் எதற்கு? நீருக்குத் தன் மட்டத்தை நாடும் இயல்பு உண்டு. கொத்தனார் ஒளி ஊடுருவும் நீண்ட பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, இரு சுவர்களில் ஒரே மட்டத்தைக் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பும் நீரும் தொட்டியின் மட்டம்வரை ஏறவே முயல்கிறது. ஆனால் வழியெல்லாம் குழாயின் சுவரோடு உராய்ந்து உராய்ந்து அது ஆற்றலை இழக்கிறது. வழியில் உள்ள வீடுகளும் நீரை எடுத்துக்கொள்கின்றன. குழாயின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டை அடையும்போது, தரைக்கு மேல் இரண்டடி ஏறும் வலுக்கூட அதனிடம் இருப்பதில்லை. மூன்றடி உயரத்தில் உள்ள குழாய் வறண்டிருக்கும். மூன்றடிப் பள்ளத்தில் உள்ள குழாய் சொட்டும். நீர் ஏறி வராத இடத்தில் மனிதர்கள் இறங்கிப் போகிறார்கள். இயற்பியலில் என் முதல் பாடம் அந்தப் பள்ளத்தில் கிடைத்தது.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அரண்மனைக்குப் போவோம்.

டீக் என்னும் நீர் அரண்மனை

ஆக்ராவில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி முகாம் முடிந்த மறுநாள், பேருந்தில் பரத்பூர் சென்று, அங்கிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள டீக் நகரை அடைந்தேன். இது ராஜஸ்தானில் இருக்கிறது. முன்பு பரத்பூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2023 முதல் தனி மாவட்டத்தின் தலைநகர்.

முகலாயப் பேரரசு தளர்ந்த 18ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் ஜாட் இனத்தவரின் அரசு எழுந்தது. 1722இல் ஆட்சிக்கு வந்த பதன் சிங் டீகைத் தலைநகராக்கினார். அவருக்குப் பின் ஆண்ட சூரஜ்மல் (1756-1763) அரண்மனை வளாகத்தின் பெரும்பகுதியைக் கட்டினார். பின்னர் பரத்பூர் தலைநகரானது. டீக் அரச குடும்பத்தின் கோடைக்கால மாளிகையானது.

வளாகத்தின் நடுவே நான்கு பகுதிகளாகப் பிரித்த தோட்டம். அதன் நடைபாதைகளை ஒட்டிக் கல் வாய்க்கால்கள். வாய்க்கால்களில் வரிசை வரிசையாக ஊற்றுக் குழல்கள். தோட்டத்தைச் சுற்றிக் கோபால் பவன், கிஷன் பவன், நந்த் பவன், சூரஜ் பவன், கேசவ் பவன் என்று மாளிகைகள். மேற்கில் கோபால் சாகர், கிழக்கில் ரூப் சாகர் என்று இரு பெரிய குளங்கள். கோபால் பவனின் இரு பக்கமும் உள்ள சிறு மண்டபங்களுக்குச் சாவன், பாதோன் என்று பெயர். இரண்டும் மழை மாதங்களின் பெயர்கள். நம் ஆடி, ஆவணி, புரட்டாசியை ஒட்டி வருபவை.

கோடையில் மழையை வரவழைக்கும் ஆசையே இந்த அரண்மனையின் உயிர் எனலாம். கேசவ் பவனைச் சுற்றி வாய்க்கால் ஓடுகிறது. அதில் ஊற்றுகள் பீச்ச, மேலிருந்து நீர் மழைபோல் இறங்க, கூரைக்குள் கல் குண்டுகள் நீரின் விசையால் உருண்டு இடியோசை எழுப்பும் என்று சொல்கிறார்கள். விழா நாட்களில் ஊற்றுகளுக்குச் செல்லும் குழாய்களின் வாயில் சாயப்பொடி முடிந்த துணிப்பொட்டலங்களை வைத்து, வண்ண நீர் பீச்சச் செய்வதும் உண்டு.

இது வெறும் வேடிக்கை மட்டுமன்று. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை நீர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. நீரைச் சிறு துளிகளாகச் சிதறடித்தால் அதன் பரப்பு பெருகி, ஆவியாதல் விரைவாகும். பரத்பூர்ப் பகுதியின் கோடையில் வெப்பம் 45 டிகிரியை எட்டும்; காற்றோ வறண்டது. அங்கே இந்த உத்தி நன்றாகப் பலிக்கும். கடலோரத்தில் ஈரக்காற்று நிறைந்த எங்கள் ராயபுரத்தில் இதே ஊற்றை வைத்தால் உடம்பில் வியர்வைதான் மிஞ்சும்!

கூரைமேல் ஒரு குளம்

மின்சாரமும் நீராவி எந்திரமும் இல்லாத காலத்தில், சமதரையில் உள்ள ஊரில், நூற்றுக்கணக்கான ஊற்றுகள் எப்படி மேலெழுந்தன?

விடை மாளிகையின் உச்சியில் இருந்தது. அங்கே ஒரு பெரிய நீர்த்தொட்டி. நீளம் சுமார் 136 அடி, அகலம் 108 அடி, ஆழம் ஆறரை அடி. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 27 லட்சம் லிட்டர். அந்தத் தொட்டியின் சுவரில் வரிசையாகத் துளைகள். துளைகளை மரக்கட்டைகளால் அடைத்து வைப்பார்கள். விழா நாளில் ஆட்கள் கட்டைகளைப் பிடுங்கியதும் நீர் குழாய்களில் இறங்கி, தோட்டத்தில் ஊற்றாக எழும்பும். இந்த ஊற்றுகள் 900 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கே ஓர் இத்தாலியரை நினைவுகூர வேண்டும். கலிலியோவின் கடைசி நாட்களில் உடனிருந்த டாரிசெல்லி, 1644இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையைச் சொன்னார். தொட்டியின் துளையிலிருந்து பாயும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து அதே உயரம் தடையின்றி விழுந்த கல்லின் வேகத்திற்குச் சமம். 5 மீட்டர் உயரமானால் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகம். உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும். அந்த வேகத்தோடு மேல்நோக்கிப் பாய்ந்த நீர் எவ்வளவு உயரம் போகும்? தான் கிளம்பிய மட்டம்வரை. அதற்குமேல் ஓர் அங்குலமும் இல்லை. உராய்வும் காற்றுத் தடையும் இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே போகும். டீகின் சிற்பிகள் டாரிசெல்லியைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஊற்று உயர வேண்டுமானால் தொட்டி உயர வேண்டும் என்பதை அவர்களின் கை அறிந்திருந்தது.

ஆகவே ஊற்று எதையும் புதிதாகத் தருவதில்லை. யாரோ நீரை உயரத்திற்கு ஏற்றியபோது கொடுத்த ஆற்றலைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது. அப்படியானால் ஏற்றியது யார்?

ஒரு வார உழைப்பு

தோட்டக் காவலரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "காளைகள், மாஸ்டர்ஜி" என்றார். நம் ஊர்க் கவலை ஏற்றத்தைப் போன்ற அமைப்புத்தான். தென்மாவட்டங்களில் இதைக் கமலை என்பார்கள். கிணற்றின் மேல் உருளை, உருளைமேல் வடக்கயிறு, கயிற்றின் முனையில் தோல்சால். காளைகள் சரிவில் இறங்கி நடக்கும்போது சால் மேலே வரும். தொட்டியை நிரப்ப ஒரு வாரம் ஆகும்; ஊற்றுகளைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தொட்டி காலியாகிவிடும். இது டீகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இதை நம்பலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டிவரை உயரம் 10 மீட்டர் என்று கொள்வோம். 27 லட்சம் லிட்டர் என்றால் 27 லட்சம் கிலோகிராம். இதை 9.8ஆலும் 10ஆலும் பெருக்கினால் தேவையான ஆற்றல் சுமார் 26.5 கோடி ஜூல். நல்ல காளை இணை ஒன்று ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட் திறனோடு வேலை செய்யும். 26.5 கோடியை 746ஆல் வகுத்தால் 3,55,000 நொடி. கிட்டத்தட்ட 99 மணி நேரம். ஆனால் சாலிலிருந்து நீர் சிந்தும், உருளை உராயும், காளைகள் சுமையின்றித் திரும்பி ஏறும் நேரமும் உண்டு. பாதி வீண் என்று கொண்டால் 200 மணி நேரம். நான்கு கிணறுகளில் நான்கு இணைகள் இறைத்தால் ஒவ்வொன்றுக்கும் 50 மணி. நாளுக்கு 7 மணி நேரம் வேலை என்றால் ஏழு நாள்!

உயரத்தையும் கிணறுகளின் எண்ணிக்கையையும் நாம் ஊகமாகவே எடுத்துக்கொண்டோம். என்றாலும் ஒரு வாரம் என்ற செய்தி இயற்பியலுக்கு முரணானதன்று என்பது தெளிவாகிறது. ஒரு சாலுக்கு 150 லிட்டர் என்றால் 18,000 முறை சால் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காளைகளை ஓட்ட ஓர் ஆள், மேலே வந்த சாலைக் கவிழ்க்க ஓர் ஆள். சூரஜ்மல்லின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சால் கவிழ்த்தவர்களின் பெயர்களைக் கட்டடத்தில் எங்கும் நான் காணவில்லை.

இந்த ஆற்றலை இன்றைய மின்சாரக் கணக்கில் சொன்னால் 74 யூனிட். பம்பில் வீணாவதையும் சேர்த்தால் 150 யூனிட் இருக்கலாம். இப்போது விழா நாட்களுக்கு மின் பம்புகள்தாம் தொட்டியை நிரப்புகின்றன. சில வீடுகள் ஒரு மாதத்தில் செலவிடும் மின்சாரத்தில், எத்தனையோ காளைகளின் ஒரு வார உழைப்பு அடங்கிவிடுகிறது. சுவிட்சைத் தட்டும்போது இதை நாம் நினைப்பதில்லை.

கடைசி ஊற்றுக்கும் சமபங்கு

தொட்டிச் சுவரில் இத்தனை துளைகள் எதற்கு என்ற கேள்வி என்னை விடவில்லை. ஒரே ஒரு பெரிய குழாயை இறக்கி, அதில் 900 ஊற்றுகளையும் வரிசையாகப் பொருத்தியிருக்கலாமே!

அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகும் என்பதை ராயபுரத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஊற்று ஆளுயரம் பாயும். நூறாவது ஊற்று முழங்கால் உயரம் எழும். கடைசி ஊற்று வாய் நனைந்து நிற்கும். டீகின் கைவினைஞர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு துளையும் அதற்குரிய ஊற்றுக்குத் தனியே செல்லுமாறு அமைத்தார்கள். ஓர் ஊற்றின் பங்கை மற்றோர் ஊற்று பறிக்க முடியாது. 27 லட்சம் லிட்டரை 900ஆல் வகுத்தால் ஊற்று ஒன்றுக்கு 3000 லிட்டர். ஐந்து மணி நேரம் ஓடினால் நிமிடத்திற்குப் பத்து லிட்டர். நன்றாகத் திறந்த ஒரு வீட்டுக் குழாயின் அளவுதான்! எந்த அரசரின் காலடியில் இருந்தாலும், தோட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும், ஊற்றுகளுக்குள் பாகுபாடு குறைவு.

உலர்ந்த அந்த வாய்க்கால் ஓரத்தில் நின்றபோது அம்மா இறங்கிய பள்ளம் நினைவுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஒரு தோட்டத்தின் கடைசி ஊற்றுக்குக் கிடைத்த கவனம், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நகரத்தின் கடைசி வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு தனிக்குழாய் தொட்டியிலிருந்தே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடவாத காரியம். ஆனால் போதிய விட்டமுள்ள குழாய்களும், ஆங்காங்கே மேல்நிலைத் தொட்டிகளும், கிளைகளை ஒன்றோடொன்று வளையமாக இணைப்பதும் அழுத்தத்தைச் சமன்படுத்தும். இது நன்கு தெரிந்த பொறியியல். அழுத்தம் குறைந்தால் இழப்பு நீரோடு நிற்பதில்லை. பள்ளத்தில் தேங்கும் அழுக்கு நீர் குழாய்க்குள் புகும். அடிபம்பு இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைந்து, விரிசல்களின் வழியே சாக்கடை நீரையும் உறிஞ்சும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் அப்படித்தான் பல தெருக்களுக்கு வருகின்றன. ஓட்டமுள்ள குழாயில் அழுத்தம் என்பது ஆரோக்கியத்தின் காவல்.

மலை தந்த உயரம், ஆறு தந்த விசை

எல்லா அரசர்களும் காளைகளை நம்பவில்லை. இலங்கையின் சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த நீர்த்தோட்டத்தில், துளையிட்ட சுண்ணாம்புக்கல் தகடுகளே ஊற்று வாய்கள். நிலத்தடிக் கால்வாய்களில் ஈர்ப்பு விசையால் மட்டுமே நீர் வந்தது. மழைக்காலத்தில் அவற்றில் இன்றும் நீர் எழுவதைக் காணலாம். காஷ்மீரில் ஜஹாங்கீர் 1619இல் அமைத்த ஷாலிமார் தோட்டத்தில், மலைச்சரிவே தொட்டியின் வேலையைச் செய்தது. அங்கெல்லாம் நீரை உயரத்திற்கு ஏற்றியவன் சூரியன். கடல்நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, மலைமேல் பொழியவைத்தவன்.

பிரான்சு நாட்டு அரசர் 14ஆம் லூயியின் வெர்சாய் அரண்மனைக்கு அந்த வசதி இல்லை. 1684இல் முடிந்த மார்லி எந்திரம் 14 பெரிய நீர்ச்சக்கரங்களைக் கொண்டு சீன் ஆற்று நீரை 150 மீட்டருக்கு மேல் ஏற்றியது. அவ்வளவு செய்தும் நீர் போதவில்லை. அரசர் உலாவும்போது அவர் நெருங்கும் ஊற்றை மட்டும் திறந்து, அவர் கடந்ததும் மூடுவார்கள். பணியாளர்கள் சீழ்க்கை அடித்து ஒருவருக்கொருவர் குறிப்புக் கொடுப்பார்கள். முறைவைத்து நீர் விடும் வழக்கம் அரண்மனையிலும் இருந்திருக்கிறது பாருங்கள்!

எங்கள் பக்கத்து ஏழு கிணறு

ராயபுரத்திற்குத் திரும்புவோம். டீகின் ஊற்றுகள் புதிதாய் ஓடிய அதே தலைமுறையில், 1772இல், சென்னையில் கேப்டன் பேக்கர் என்பவர் ஒரு நீர்த்திட்டத்தைத் தொடங்கினார். இன்றைய மின்ட் தெருப் பகுதியில் பத்துக் கிணறுகள் தோண்டினார்கள். அவற்றில் ஏழு பயன்பட்டதால் அந்த இடத்திற்கே ஏழு கிணறு என்ற பெயர் நிலைத்தது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த நீர் குழாய் வழியே சென்றது புனித ஜார்ஜ் கோட்டைக்கு. எந்திரங்கள் வராத அந்த நாளில் அங்கேயும் நீர் மேலே வந்தது தசையின் வலிமையால்தான். சுவையான நிலத்தடி நீர் வடசென்னையில். அதைக் குடித்தவர்கள் கோட்டையில்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1872இல், செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியே ஈர்ப்பு விசையால் கீழ்ப்பாக்கத்திற்கு நீர் வந்தது. 1914இல் அங்கே வடிகட்டும் நிலையம் எழுந்தது. நகரம் வளர்ந்தது, குழாய்களும் நீண்டன, குழாய் நீண்ட அளவுக்குக் கடைக்கோடியும் தள்ளிப்போனது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் டீகின் கதையைச் சொன்னேன். மாளிகையையும் தோட்டத்தையும் வண்ண நீரையும் விவரித்தேன். ஒரு வாரம் இறைத்த நீர் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ஏம்பா, அந்த மாடுங்களுக்குக் குடிக்கத் தண்ணி வெச்சாங்களாமா?"

எந்த வழிகாட்டி நூலிலும் இதற்கு விடை இல்லை.

நண்பரே, நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு வாளி நீர் வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அதிலிருந்து இறக்கி, முனையை அடைத்து, வழியில் ஐந்து சிறு துளைகள் இடுங்கள். ஐந்து ஊற்றுகளின் உயரத்தையும் அளந்து குறியுங்கள். பிறகு அதே வாளியிலிருந்து ஐந்து தனிக்குழாய்களை இறக்கி, மீண்டும் அளந்து பாருங்கள். இரு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டீகின் தந்திரம் விளங்கும். வாளியை மாடிக்குத் தூக்கிச் செல்லும்போது கை வலித்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் சோதனையின் ஒரு பகுதியே.